பொத்தானை அழுத்துவதா, வேண்டாமா? – செவித்திறன் பரிசோதனையில் நடப்பது என்ன?



வெண்பலகையில் எழுதியது மங்கலாகத் தெரிந்தால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறோம், முன்வரிசைக்கு மாறுகிறோம், கடைசியில் கண்ணாடி வாங்கிக்கொள்கிறோம். காது மங்கும்போது அப்படித் தெரிவதில்லை. “ஆசிரியர் வாய்க்குள்ளேயே பேசுகிறார்”, “நண்பன் முணுமுணுக்கிறான்” என்று பழியை மற்றவர் மேல் போட்டுவிடுகிறோம். காதில் விழாத ஒலியைத் தவறவிட்டோம் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் செவித்திறன் பரிசோதனை இருக்கிறது.

இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் நீங்கள் இந்தப் பரிசோதனைக்குப் போகக்கூடும். காதில் சீழ் வடிந்து ஆறிய பிறகு மருத்துவர் அனுப்பலாம். சிங்கப்பூர் இளையர்களுக்குத் தேசிய சேவைக்கு முந்திய மருத்துவப் பரிசோதனையில் இதுவும் உண்டு. இரைச்சல் மிகுந்த தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தால், அங்கேயும் காதைச் சோதிப்பார்கள். அப்போது அந்த அறைக்குள் என்ன நடக்கும், ஏன் அப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் பதற்றம் இருக்காது. முடிவும் சரியாக வரும்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது தேர்ச்சி பெறவேண்டிய தேர்வு அல்ல. உங்கள் காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி எது என்று தேடும் சோதனை. ஆகவே, “கேட்டதா, கேட்கவில்லையா?” என்ற சந்தேகம் உங்களுக்கு வந்தே தீரும். சந்தேகம் வருகிறது என்றால் சோதனை சரியான இடத்தை நெருங்கிவிட்டது என்று பொருள்.

முதலில் கேள்விகள், பிறகு விளக்கு

இந்தப் பரிசோதனையைச் செய்பவர் ஆடியோலஜிஸ்ட் எனப்படும் செவியியல் வல்லுநர். அவர் முதலில் சில கேள்விகள் கேட்பார். காது வலிக்கிறதா? தலை சுற்றுகிறதா? காதுக்குள் ‘ங்ங்ங்’ என்ற ரீங்காரம் கேட்கிறதா? சளி பிடித்திருக்கிறதா? குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதிலேயே காது கேட்காமல் போயிருக்கிறதா? இயர்போனை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் பக்கத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பயந்து குறைத்துச் சொல்வார்கள். உண்மையைச் சொல்லுங்கள். அவர் திட்டப்போவதில்லை, வரைபடத்தைப் புரிந்துகொள்ள அந்த விவரம் அவருக்கு வேண்டும்.

பிறகு விளக்கு பொருத்திய சிறு கருவியால் காதுக்குள் பார்ப்பார். செவிக்குழலைக் குறும்பி அடைத்திருக்கிறதா, செவிப்பறையில் துளை இருக்கிறதா என்று கவனிப்பார். குறும்பி முழுவதும் அடைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுத்தான் சோதனையைத் தொடரவேண்டியிருக்கும். அதற்காக முதல்நாள் இரவு பஞ்சுக் குச்சியால் காதைக் குடைந்துவிட்டுப் போகாதீர்கள். குச்சி குறும்பியை வெளியே எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதே அதிகம்.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் உண்டு. பெரும் இரைச்சலில் இருந்த காது சில மணி நேரத்துக்கு மந்தமாகவே இருக்கும். கச்சேரி முடிந்து வெளியே வரும்போது காதில் பஞ்சு வைத்ததுபோல் இருக்குமே, அதுதான். அந்த நிலையில் சோதித்தால் உண்மை நிலை தெரியாது. எனவே பரிசோதனைக்கு முன்பு குறைந்தது 14 மணி நேரம் பேரிரைச்சலிலிருந்து விலகி இருப்பது நல்லது.

10 இறங்கு, 5 ஏறு

அடுத்து, ஒலி புகாத சிற்றறை. தடித்த கதவு மூடியதும் உங்கள் மூச்சுச் சத்தமே பெரிதாகக் கேட்கும். தலையில் ஹெட்போன் மாட்டுவார்கள். சிவப்பு வலக்காதுக்கு, நீலம் இடக்காதுக்கு. கையில் ஒரு பொத்தான் தருவார்கள். “பீப் ஒலி எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், கேட்டவுடன் அழுத்துங்கள்” என்பார்கள்.

பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தொடங்குவார்கள். பிறகு 2000, 4000, 8000 என மேலே போய், 500, 250 எனக் கீழே வருவார்கள். 250 ஹெர்ட்ஸ் தடித்த ‘ம்ம்ம்’ போன்ற ஒலி. 8000 ஹெர்ட்ஸ் கொசுவின் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஒலி. மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று படித்திருப்பீர்கள். ஆனால், பேச்சைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையான பகுதி இந்த 250க்கும் 8000க்கும் இடையில்தான் இருக்கிறது.

ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் விதி ஒன்றுதான். நீங்கள் அழுத்தினால் ஒலியை 10 டெசிபல் குறைப்பார்கள். அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூட்டுவார்கள். ஓர் எடுத்துக்காட்டு:

40 – கேட்டது
30 – கேட்டது
20 – கேட்டது
10 – கேட்கவில்லை
15 – கேட்டது
5 – கேட்கவில்லை
10 – கேட்கவில்லை
15 – கேட்டது

கீழிருந்து ஏறி வரும்போது இருமுறையும் 15 டெசிபலில் கேட்டிருக்கிறது. எனவே இந்த அதிர்வெண்ணில் இவருடைய கேட்பு எல்லை 15 டெசிபல். ஏறி வரும் முறைகளில் பாதியிலாவது கேட்ட மிகக் குறைந்த அளவையே எல்லையாகக் குறிப்பார்கள். எனவே ஒன்றிரண்டைத் தவறவிட்டாலும் கவலையில்லை. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இந்த முறையையே வகுத்திருக்கிறார்கள்.

கெட்டிக்காரத்தனமாகத் தாளக் கணக்கில் அழுத்தலாம் என்று நினைக்கிறீர்களா? ஒலிகளுக்கு இடையிலான இடைவெளியை வல்லுநர் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒலியே இல்லாத நேரத்தில் நீங்கள் அழுத்தினால், ஊகித்து அழுத்துகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதேபோல் கேட்டும் கேட்காததுபோல் இருப்பவரின் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

சுழியம் என்றால் நிசப்தமா?

இல்லை. இந்தக் கருவியில் 0 டெசிபல் என்பது, காது நலமாக உள்ள இளையர்கள் அந்த அதிர்வெண்ணில் கேட்கும் மிக மெல்லிய ஒலியின் சராசரி. சராசரி என்பதால் சிலருக்கு அதைவிட மெல்லிய ஒலியும் கேட்கும். அவர்களுடைய எல்லை –5 அல்லது –10 ஆக இருக்கும். இங்கே எண் குறையக் குறையக் காது கூர்மை என்று பொருள்.

டெசிபல் கணக்கு மடங்குக் கணக்கு என்பதையும் மறக்காதீர்கள். 10 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்காகும். 20 கூடினால் 100 மடங்கு. 40 கூடினால் 10,000 மடங்கு. 3 டெசிபல் கூடினாலே ஏறத்தாழ இரு மடங்கு. இந்தக் கடைசி வரி பின்னால் தேவைப்படும்.

காதுக்குப் பின்னால் ஓர் அதிர்வி

பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் தீப்பெட்டியைவிடச் சிறிய அதிர்வி ஒன்றைப் பொருத்துவார்கள். மறுபடியும் பீப், மறுபடியும் பொத்தான். ஒருமுறை செய்ததை ஏன் திரும்பச் செய்கிறார்கள்?

ஒலி காதுக்குள் போகும் பாதையை நினைத்துப் பாருங்கள். காற்று வழியாக வரும் ஒலி செவிக்குழலில் நுழைந்து செவிப்பறையை அதிரவைக்கிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவில் உள்ள மயிர்ச்செல்கள் அதை மின்குறிப்பாக்கிச் செவி நரம்புக்குத் தருகின்றன. அதிர்வியோ மண்டையோட்டையே அதிரவைக்கிறது. அந்த அதிர்வு செவிப்பறையையும் சிற்றெலும்புகளையும் நம்பியிராமல் நேராகக் காக்ளியாவை அடைகிறது.

எனவே, காற்று வழி மோசமாகவும் எலும்பு வழி நன்றாகவும் இருந்தால் கோளாறு வழியில் இருக்கிறது. குறும்பி, செவிப்பறைத் துளை, நடுச்செவியில் தேங்கிய நீர் போன்றவை காரணமாகலாம். இரண்டு வழிகளும் ஒரே அளவு மோசமாக இருந்தால் கோளாறு காக்ளியாவிலோ நரம்பிலோ இருக்கிறது. காதைத் திறந்து பார்க்காமலேயே கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

இந்த யோசனை புதிதன்று. இசைக்கவையை எலும்பில் வைத்தும் காதருகே பிடித்தும் ஒப்பிடும் சோதனையை ஜெர்மன் மருத்துவர் ரின்னே 1855ஆம் ஆண்டிலேயே விளக்கியிருக்கிறார். மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. மண்டையோடு அதிர்ந்தால் இரண்டு காக்ளியாக்களும் அதிரும். வலப்பக்கம் வைத்த ஒலியை இடக்காது ‘திருடி’க் கேட்டுவிடலாம். அதனால் சில வேளைகளில் மற்றக் காதில் ‘ஷ்ஷ்ஷ்’ என்ற மறைப்பொலியைத் தருவார்கள். பயப்படவேண்டாம். அந்த இரைச்சலைப் பொருட்படுத்தாமல், பீப் கேட்டால் மட்டும் அழுத்துங்கள்.

செய்து பாருங்கள்

வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் முனகுங்கள். முனகிக்கொண்டே ஒரு காதை மட்டும் விரலால் மென்மையாக மூடுங்கள். ஒலி எந்தப் பக்கம் போகிறது? மூடிய காதின் பக்கம்! காதை மூடினால் ஒலி குறையவேண்டுமே? உங்கள் குரல் எலும்பு வழியாகச் செவிக்குழலுக்குள் வருகிறது. வழக்கமாக அதில் ஒரு பகுதி வெளியே கசிந்துவிடும். விரல் அடைத்ததும் அது உள்ளேயே சிக்கிக்கொண்டு பெரிதாகக் கேட்கிறது.

காற்றழுத்தமும் சொற்களும்

இன்னும் இரண்டு சோதனைகள் இருக்கலாம். ஒன்றில், மென்மையான ரப்பர் முனையைக் காதில் பொருத்திக் காற்றழுத்தத்தைச் சிறிது கூட்டிக் குறைப்பார்கள். கெந்திங் மலைக்குக் காரில் ஏறும்போது காது அடைக்குமே, ஏறத்தாழ அந்த உணர்வுதான். சில வினாடிகளில் முடிந்துவிடும். பொத்தான் எதுவும் இல்லை. அசையாமல், பேசாமல் இருந்தால் போதும். செவிப்பறை எவ்வளவு எளிதாக அசைகிறது என்பதைக் கருவி வரைந்து காட்டும். நலமான காதுக்கு மலை உச்சி போன்ற கோடு வரும். நடுச்செவியில் நீர் தேங்கியிருந்தால் கோடு தட்டையாகக் கிடக்கும்.

மற்றொன்றில் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லவேண்டும். சரியாகக் கேட்காவிட்டாலும் காதில் விழுந்ததைச் சொல்லலாம். பீப் சோதனைக்கு மாறாக, இங்கே ஊகிப்பது தவறில்லை. சொற்கள் உங்களுக்குப் பழகாத மொழியில் இருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள். சோதிக்கவேண்டியது உங்கள் காதை, மொழியறிவை அல்ல.

பீப் ஒலியைக் கேட்பதும் பேச்சைப் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல. ‘ஆ’, ‘ஊ’ போன்ற உயிரொலிகளின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ‘ஸ்’ போன்ற உரசொலிகள் மெல்லியவை. அவற்றின் அதிர்வெண்ணோ மிக உயர்ந்தது. உயர் அதிர்வெண் கேட்காதவருக்குக் ‘கா…உ’ என்பது தெளிவாக விழும். அது காசா, காதா, காடா என்பதுதான் தெரியாது. அதனால்தான் “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை” என்கிறார்கள்.

வரைபடத்தைப் படிப்போம்

முடிவை ஆடியோகிராம் எனப்படும் வரைபடத்தில் தருவார்கள். இடமிருந்து வலமாக அதிர்வெண் கூடும். மேலிருந்து கீழாக டெசிபல் கூடும். வலக்காதின் காற்று வழிக்குச் சிவப்பு வட்டம்; இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு மேலே இருந்தால் நல்ல காது. கீழே இறங்க இறங்கக் குறைபாடு அதிகம்.

கற்பனையாக இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம்.

முதல் மாணவர், காற்று வழி: 500 ஹெர்ட்ஸில் 35, 1000இல் 30, 2000இல் 25, 4000இல் 30. எலும்பு வழி எல்லாவற்றிலும் 5 அல்லது 10.

இரண்டாம் மாணவர், காற்று வழி: 500இல் 5, 1000இல் 10, 2000இல் 10, 4000இல் 40, 8000இல் 15. எலும்பு வழியும் ஏறத்தாழ இதே எண்கள். 4000இல் அங்கேயும் 40.

யாருக்கு நிலைமை மோசம்? முதலாமவருக்குத்தான் எண்கள் பெரியவை. ஆனால் அவருடைய எலும்பு வழி நலமாக இருக்கிறது. காக்ளியா பழுதில்லை, வழியில்தான் அடைப்பு. இத்தகைய கோளாறுகளில் பல, மருந்தாலோ சிறு சிகிச்சையாலோ, சில வேளை தாமாகவோ சரியாகக்கூடியவை.

இரண்டாமவரைப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் எல்லைகளின் சராசரியை எடுத்து, அது 20 டெசிபலுக்குக் குறைவாக இருந்தால் இயல்பு என்று வகைப்படுத்துகிறது. இவருடைய சராசரி (5 + 10 + 10 + 40) ÷ 4 = 16.25. இயல்புதான்! ஒரு பாடத்தில் தோற்றும் சராசரியில் தேறிவிட்ட மதிப்பெண் அட்டைபோல, சராசரி அந்தப் பள்ளத்தை மறைத்துவிடுகிறது. இவரும் “எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது” என்பார். ஆனால் 4000இல் விழுந்த அந்தப் பள்ளம், இரைச்சல் காக்ளியாவைத் தாக்கும்போது வரும் வழக்கமான அடையாளம். மனிதரின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஏன் 4000 ஹெர்ட்ஸ்?

இதற்கு உங்கள் இயற்பியல் பாடமே பாதி விடை சொல்லும். செவிக்குழல் ஒரு முனை மூடிய குழாய். நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். அத்தகைய குழாயில் அலைநீளம் குழாயைப்போல் நான்கு மடங்காக இருக்கும்போது ஒத்ததிர்வு ஏற்படும். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்றால், 340 ÷ (4 × 0.025) = 3400 ஹெர்ட்ஸ். அதாவது 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைக் காதே பெருக்கிக்கொள்கிறது. காக்ளியாவில் சேதம், தாக்கிய ஒலியைவிடச் சற்று உயர்ந்த அதிர்வெண்ணுக்குரிய இடத்தில் அதிகமாகத் தெரியும். அதனால் பள்ளம் பெரும்பாலும் 4000ஐ ஒட்டி விழுகிறது.

எவ்வளவு இரைச்சலை எவ்வளவு நேரம் தாங்கலாம்? மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளிலும் வேலையிடங்களுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே எல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலிச்செறிவு இரு மடங்காகும் என்று பார்த்தோம். எனவே நேரத்தைப் பாதியாக்கவேண்டும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம்!

தைப்பூசத்தில் உறுமி மேளம் வாசிப்பவர்களும் பள்ளி வாத்தியக் குழுவில் இருப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். மேளத்தை விடவேண்டாம், காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இடையிடையே ஓய்வு கொடுங்கள். பேருந்திலோ ரயிலிலோ வெளிச்சத்தத்தை அமுக்குவதற்காக இயர்போன் ஒலியைக் கூட்டுவதும் அதே ஆபத்துதான்.

முடிவு கையில் வந்த பிறகு

வரைபடத்தை விளக்கச் சொல்லுங்கள்; ஒரு படி கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இன்றைய கோட்டோடு ஒப்பிட்டால்தான் சில ஆண்டுகள் கழித்து அது இறங்கியிருக்கிறதா என்று தெரியும். வகுப்பில் எங்கே அமரலாம், மறுபரிசோதனை எப்போது என்றும் கேளுங்கள். காதொலிக் கருவி வேண்டும் என்றால் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூக்குக் கண்ணாடி போட யாரும் கூச்சப்படுவதில்லையே!

ஒன்று மட்டும் அவசரம். திடீரென ஒரு காது கேட்காமல் போனால், தானாகச் சரியாகும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சில திடீர்க் குறைபாடுகளுக்குத் தொடக்க நாள்களில் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம்.

இந்தத் துறையில் ஆர்வம் பிறந்திருந்தால், மலேசியாவில் தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் செவியியல் பட்டப்படிப்பு உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. வீட்டில் தாத்தா பாட்டியோடு தமிழில் பேசத் தெரிந்த ஒரு செவியியல் வல்லுநர் எவ்வளவு பயனுள்ளவர் என்று எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி

1. 2000 ஹெர்ட்ஸில் ஒருவரின் விடைகள்: 40 கேட்டது, 30 கேட்டது, 20 இல்லை, 25 கேட்டது, 15 இல்லை, 20 இல்லை, 25 கேட்டது. கேட்பு எல்லை எவ்வளவு?

2. ஒருவருக்குக் காற்று வழி 45 டெசிபல், எலும்பு வழி 45 டெசிபல். கோளாறு எந்தப் பகுதியில்?

3. 97 டெசிபல் இரைச்சலில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

4. சளி பிடித்திருக்கும்போது காற்றழுத்தச் சோதனையின் முடிவு மாறக்கூடும். ஏன்? (குறிப்பு: மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் குழல் ஒன்று உண்டு.)

விடைகள்: 1. 25 டெசிபல். 2. காக்ளியா அல்லது செவி நரம்பு. 3. 30 நிமிடம். 4. அந்தக் குழல் அடைபட்டால் நடுச்செவிக்குப் புதுக் காற்று போகாது. உள்ளே அழுத்தம் குறைந்து, செவிப்பறை உட்புறமாக இழுபடும்.